ஆற்று வளைவில் நிலவைப் படம் எடுக்கப் போனது

அன்பு மகள் நர்யானாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஓரளவு சுகமாக இருக்கிறோம், சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, காலையில் அடுப்பு நெருப்புக்கு வெண்ணெய் போடும்போது உன் பெயரைச் சொல்லித்தான் போட்டோம். மகதான் நகரத்தில் உனக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சுளுக்கு என்று போனில் சொன்னது பொய். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள். அம்மாதான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். ஆனால் பிப்ரவரி பௌர்ணமிக்கு மலைக் கணவாய்க்குத் தனியாகப் போய்ப் படம் எடுக்கப்போகிறேன், கூட யாராவது வந்தால் நடந்து நடந்து கேமரா முக்காலியை ஆட்டிவிடுகிறார்கள் என்று நீ சொன்னாய் பார், அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போன பௌர்ணமி அன்று மைனஸ் ஐம்பத்திரண்டு டிகிரி குளிர். காற்றே இல்லை. நீ அனுப்பிய கேமராவை எடுத்துக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கே வேனில் ஆற்று வளைவுக்குக் கிளம்பினேன், ஏழு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வேன் புகை பனிமூட்டம் போல அப்படியே நின்று படத்தைக் கெடுக்கும் என்று உனக்கே தெரியும். அணைத்தால் குளிரில் திரும்பக் கிளம்பாது என்று எஞ்சினை ஓடவிட்டு, வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, முந்நூறு அடி தள்ளி உறைந்த ஆற்றின் நடுவில் முக்காலியை நிறுத்தினேன். தொப்பியின் காதுமடலை இறுக்கிக் கட்டியிருந்தேன். அதனால் எஞ்சின் நின்றுபோனது எனக்குக் கேட்கவே இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்ததாம், குழாயில் உறைந்துவிட்டது.

நிலா வந்ததும் எதிர்க்கரை மரங்கள் எல்லாம் நீல வெளிச்சத்தில் எழுந்து நின்றன. மூச்சு விட்டால் அது உறைந்து தானியம் கொட்டுகிற மாதிரி தொப்பிக்குள்ளேயும் காதோரம் சத்தம். ஒவ்வொரு படத்துக்கும் அரை நிமிடம் அசையாமல் நின்றேன். பேட்டரி செத்துச் செத்துப் போனது, அக்குளில் வைத்துச் சூடாக்கி மாற்றி மாற்றிப் போட்டேன். உறையோடு சின்னப் பொத்தானை அழுத்த முடியவில்லை என்று வலது கை உறையைக் கழற்றினேன். ஒரு படத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். எத்தனை படத்துக்குக் கழற்றியே வைத்திருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதலில் விரல் எரிந்தது, அப்புறம் எரிச்சல் நின்றது. வண்டிக்குப் போனபோதுதான் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தேன். சாவியைத் திருகினேன், செத்த வண்டி. ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். நடந்திருக்க வேண்டும், இல்லை மரம் ஒடித்துத் தீ மூட்டியிருக்க வேண்டும், இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? நான் என்ன செய்தேன் தெரியுமா, கேமராவை எடுத்து வரலாம் என்று திரும்ப ஆற்றுக்குப் போனேன். அங்கே கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

அம்மா எட்டு மணி வரை பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டு செம்யோனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, பனிவண்டியில் பின்னால் ஏறி வந்திருக்கிறாள். அவள் ஜென்மத்தில் அதில் ஏறினதில்லை. நான் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோட்டுப் பட்டனை இடது கையால் அவிழ்த்துக்கொண்டிருந்தேனாம். "ஏ கெழவா, எதுக்குடா கோட்டை அவுக்குற"ன்னு கத்தினாளாம். "புழுக்கமா இருக்குடி, நகரு, நிலாவை மறைக்காதே" என்று நான் சொன்னேனாம். கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. "அண்ணி, அடிக்காதீங்க, தூக்குங்க"ன்னு செம்யோன் அழுதானாம். எனக்கு அறை மட்டும் நினைவிருக்கிறது. அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது, இந்தச் சுகத்தைக் கெடுக்கிறாளே என்று.

விரல் போனதற்கு நான் பயப்படவில்லை மகளே. அந்தச் சுகத்துக்குத்தான் பயப்படுகிறேன். உறைந்துகொண்டிருந்த உடம்பு கதகதப்பாக இருந்தது, வலி இல்லை, கவலை இல்லை, உன் அம்மா நினைவு இல்லை, உன் நினைவு கூட இல்லை. செத்துக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் உள்ளேயிருந்து சொல்லவே இல்லை. நிலா ஜன்னலுக்கு வந்தால் இப்போது திரையை இழுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் நீ தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருக்கிறது.

படம் எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானே உன்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். தனியாகப் போகாதே. கூட வருகிறவருக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம், முக்காலியை ஆட்டினால் ஆட்டட்டும், உன்னைத் திட்டித் தூக்கிக்கொண்டு வருகிற ஆளாக இருந்தால் போதும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த மாதம் போகாதே. இரண்டு வண்டியாகப் போங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

தாய் தகப்பன் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, போகிற வழியெல்லாம் உன்னை நல்லபடி திருப்பி அனுப்பட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: குளிர்கிறவரை நீ பிழைத்திருக்கிறாய். கதகதப்பாக இருந்தால், எழுந்து ஓடு.

உன் அப்பா,
புரோகோபி