மாமாவுக்கு 'டீப்லி', எனக்கு 'ஃபேர்லி'

மார்ச் 9, ஞாயிறு, காலை பத்தேகால்.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை மாமா தினமும் போனில் சொல்லிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வாசிக்க, அடக்கமான மனிதர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தாயே, படித்தேன். அடக்கம் ஒன்பது இடத்தில் வருகிறது, எட்டு மாமாவுக்கு, ஒன்று எனக்கு. அவர் எட்டு இடத்திலும் 'எக்ஸ்ட்ரீம்லி மாடஸ்ட்', அதாவது அடக்கத்தின் உச்சம். நான் 'ஃபேர்லி மாடஸ்ட்', சுமாரான அடக்கம், தான் பழுதுபார்த்த லிஃப்ட் உள்ள கட்டடத்தைக் கடக்கும்போது மட்டும், இது என் வேலை என்று சொல்லாமல் வாயை அடக்கத் தெரியாதவன். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், தம்பியைப் புகழ்ந்தால் அவளுக்குக் கசக்குமா.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லா போல்ட்டையும் கடைசி வரை முறுக்கினால் மரை போய்விடும். எட்டு இடத்திலும் உச்சம் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஓரிடத்தில் மட்டும் 'டீப்லி' போடு, அது உள்ளே ஆழத்தில் இருக்கும் அடக்கம். மற்ற இடங்களில் அவர் செய்ததைச் சொல். தன் அறையை உனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டு, இங்கதான் நல்லா காத்து வருதும்மா என்கிறாரே, அது போதும்.

இப்படித் திருத்திவிட்டு, அந்த 'டீப்லி'யையும் அடித்து 'ஃபேர்லி' ஆக்கினேன். பொறாமைதான், வேறென்ன. வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறேன் என்று உன்னை அவரிடம் விட்டேன், உன் மனசையுமா விட்டேன்? யாரைப் பற்றி எழுதினாயோ அவர்தான் பரிசளிப்பில் உன் பக்கத்தில் உட்காரலாமாம். அந்த நாற்காலி எனக்கென்று நினைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மாமாவே போன் செய்கிறார். மச்சான், புள்ள என்னைப் பத்தி என்னமோ எழுதிட்டா, கூச்சமா இருக்கு, நீங்க வந்து உக்காருங்க, எனக்குக் கடை இருக்கு என்கிறார். விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அன்று கடை விடுமுறை என்பது எனக்குத் தெரியாதா. மனுஷன் அதிலும் ஜெயித்துவிட்டார். வயிறு இன்னும் எரிகிறது, ஆனாலும் 'டீப்லி'யைத் திரும்ப எழுதிவிட்டேன், அப்படியே கொடு.

கண்ணாடி போட்டுக்கொண்டு படி. மாமாவிடம் எதிர்த்துப் பேசாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும் கண்ணு.

உன் சுமாரான
அப்பா

இனி நான் செய்யப்போவது:
1. சனிக்கிழமையே அம்மாவோடு வந்துவிடுவேன்.
2. மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்த நாற்காலியில் உட்காரவைப்பேன்.
3. கடைசி வரிசையிலிருந்து கைதட்டுவேன். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் மட்டும், நீ யார் மகள் என்று சொல்வேன்.
4. கேட்காவிட்டாலும் சொல்வேன்.