கூரைமேல் ஆன்டெனா

மார்ச் 6

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ரோட்டு முனைக்குப் போனால்தான் சிக்னல். அத்தானைத் தனியே விட்டு அவ்வளவு தூரம் போக எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தான் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடினால், உள்ளே வைத்த கருவி அதைப் பிடித்து, இன்டர்நெட் வழியாக டாக்டருக்குத் தெரிந்துவிடுமாம். பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை. இங்கே காற்றடித்தால் சிவப்பு, மேகம் போட்டால் சிவப்பு. சில நாள் ஒரு காரணமும் இல்லாமல் சிவப்பு. இன்டர்நெட் கம்பெனிக்காரர் கூரையிலிருக்கும் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டு, "எதிர்ல மலை நிக்குது, நான் என்னம்மா பண்றது?" என்று போய்விட்டார்.

சிவப்பு எரியும்போது அத்தான் கண்ணசந்தால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். விழித்துக்கொண்டு திட்டுகிறார்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனியில் விசாரித்தேன். அந்தப் பக்கம் கேபிள் இழுக்கும் யோசனையே இல்லையாம். இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். லைனும் உண்டு, நடக்கிற தூரத்தில் ஆஸ்பத்திரியும் உண்டு. நான் கெஞ்சினேன் என்று அத்தானிடம் சொல்.

சின்னவள்

மார்ச் 15

கண்ணு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "ஆட்டை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்றார். முதலில் ஆடு, அப்புறம்தான் உயிர்.

நேற்று மதியம் முழுக்கச் சிவப்பு. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வெயிலா, நெஞ்சா? எனக்குப் புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிடப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. ஏணியைச் சாத்தி நானே ஏறி ஆன்டெனாவைத் திருப்பினேன். கால் பட்டு ஓடு ஒன்று உடைந்தது. இறங்கி வந்து பார்த்தால் பச்சை. அத்தான் சுகமாகத் தூங்குகிறார். நான் ஏறியது அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

வானம் கறுக்கிறது. இத்தோடு முடிக்கிறேன்.

அக்கா

மார்ச் 17

சின்னவளுக்கு,

அத்தான் எழுதுகிறேன். அக்கா உயிரோடு இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழையில் கூரைமேல் ஏறி வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட ரோட்டு முனைவரை ஓடினேன். நான் ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிலேயே இல்லை. என் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தால் அவள் கண்மூடிக் கிடந்தாள். வண்டி வரும்வரை அவளிடம் என்னென்னவோ பேசினேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான், "நனைஞ்சிட்டீங்களே" என்றாள்.

நாளைக்கு ஆபரேஷன். ஆடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இவள் தேறியதும் உன் வீட்டுக்கே வருகிறோம்.

போனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். அதனால் இதை உங்கள் ஊர்ப் பக்கம் போகும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். "பயமா இருக்காய்யா?" என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன். வாழ்நாளில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

சீக்கிரம் வாம்மா. இங்கே தனியாக உட்கார முடியவில்லை.

அத்தான்