இரண்டாம் பாகத்தைக் கேட்டவள்

புகாரா, கோட்டைச் சிறை
ரஜப் 2, செவ்வாய்

என் கண்ணான தில்ஷாத்துக்கு ஸலாம்.

உயிரோடு இருக்கிறேன். முதுகுவலிதான் பாடாய்ப் படுத்துகிறது.

மாணவன் ஒருவன் என் நூலின் முதல் பாகத்தை மட்டும் படியெடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டான். முதல் பாகத்தில் எதிராளியின் கட்சியை அவனைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பதுதானே எங்கள் வழக்கம்? உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது என் கொள்கை, நான் மார்க்கத்தை மறுத்தவன் என்று நீதிபதி காஜியார் முடிவுகட்டிவிட்டார். "நீ எழுதினதுதானேய்யா இது?" என்கிறார்.

மறுப்பு இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. பெட்டியில், என் குளிர் அங்கிக்கு அடியில். உடனே அனுப்பு. என் தலை அதில்தான் இருக்கிறது.

உன் மெஹ்ரான்

கர்மீனா
ரஜப் 5, வெள்ளி

என் உயிரானவருக்கு ஸலாம்.

எப்படிச் சொல்வேன்? உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் உங்கள் அண்ணன் வந்தார். "வீட்ல ஒரு ஏடு சிக்கினாலும் அவன் கதை முடிஞ்சுதும்மா. எல்லாத்தையும் கழுவிடு" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொட்டியில் தாள் தாளாக நனைத்துத் தேய்த்தேன். தண்ணீர் கறுத்துப்போயிற்று. வெறும் தாள்கள் கொடியில் காய்கின்றன.

திட்டுங்கள். ஆனால் ஏதாவது வழி சொல்லுங்கள்.

உங்கள் தில்ஷாத்

கோட்டைச் சிறை
ரஜப் 8, திங்கள்

தில்ஷாத்,

படித்ததும் சுவரில் முட்டிக்கொண்டேன். கோபம் தணிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தணியவில்லை.

ஒரு வழி இருக்கிறது. நான் இப்போது எதைச் சொன்னாலும் "உசுருக்குப் பயந்து உளர்றே" என்கிறார் காஜியார். ஆனால் ஆசிரியன் வாயால் நூலைக் கேட்டவரின் சாட்சி செல்லும்; அதை அவரும் ஒப்புக்கொண்டார். முழுக்கக் கேட்டவள் நீ ஒருத்திதான். அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேனே! கேட்டதைக் கேட்டபடி எழுதி, சத்தியம் செய்து அனுப்பு. ஒரு சொல்லும் கூட்டாதே. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் தீர்ப்பு.

மெஹ்ரான்

கர்மீனா
ரஜப் 14, ஞாயிறு

என் உயிரானவருக்கு ஸலாம்.

கழுவிய தாள்களிலேயே எழுதினேன். எல்லாம் நினைவிருக்கிறது, நீங்கள் இருமிய இடம்கூட. "அப்படின்னா காலம் எங்கேயிருந்து வந்துச்சு? சொல்லு பாப்போம்!" என்று என்னைக் கேட்டீர்கள். அப்போது பார்த்து அடுப்பில் ரொட்டி கருகும் வாடை. எழுந்து ஓடினேன். திரும்பி வந்தபோது, "ஆகவே எதிராளி தோற்றான்" என்று முடித்துவிட்டீர்கள். நான் கேட்டதுபோலத் தலையாட்டினேன்.

நானே எதையாவது இட்டு நிரப்பியிருக்கலாம். கூட்டாதே என்றீர்கள். வெள்ளிக்கு முன் இருந்த மூன்று நாளும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாட்சியை அனுப்பாமலே வெள்ளியும் போய்விட்டது.

நேற்று உங்கள் அண்ணன் கோட்டையிலிருந்து உங்கள் தலைப்பாகையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதார். நான் அதைத் தொடவில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் எழுதியனுப்புங்கள். இந்த முறை ரொட்டி கருகட்டும், நான் எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் தில்ஷாத்