கதவு திறக்காத பத்து நாட்கள்

சனி, 10 ஜூலை 1976

கடும் குளிர். இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். புல் முழுக்க வெள்ளை. துவைத்த உடுப்பு கொடியில் விறைத்துப்போய் நிற்கிறது. வாங்க வேண்டியவை: பருப்பு, ஹீட்டருக்கு மண்ணெண்ணெய், இவருக்கு இருமல் மருந்து.

பத்தரை மணிக்குக் கதவில் தட்டல். குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இவர் முன்னறை யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“குனியும், குனியும். திறக்காதையும்.”

“ஆர்?”

“உஷ்.”

சோபா செற்றிக்குப் பின்னால் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். எனக்கு நாற்பத்தொன்று, இவருக்கு நாற்பத்தேழு. வெளியே அந்த ஆள் தட்டினான், நிறுத்தினான், பிறகு கூப்பிட்டான். “கூனாநியாகம்! கூனாநியாகம்!” குணநாயகம் என்ற பெயரை அதற்கு மேல் கெடுக்க முடியாது. கடைசியில் கதவுக்குக் கீழே ஒரு கடதாசி உள்ளே வந்தது. கார் புறப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் இவர் எழும்பினார். கடதாசியை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்குக் காட்டவில்லை.

“பார்க்கிங் டிக்கெட். கோர்ட்டில தண்டம் போட்டிட்டாங்கள். என்ர அலுவல், நான் பாக்கிறன்.”

“அப்ப வந்தது ஆர்?”

“கோர்ட் ஆள். எங்கட ஊர் பிஸ்கால் மாதிரி. தண்டம் கட்டாட்டில் வீட்டுச் சாமானைத் தூக்க வருவான். ஆனால் கதவு திறந்தால்தான் உள்ள வரலாம். திறக்காட்டில் ஒண்டும் செய்யேலாது. அதுதான் சட்டம்.”

சட்டம்! யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் கோப்புகளுக்கு நூல் கட்டியவர். நூல் கட்டிய இடத்தில் கொஞ்சம் சட்டம் ஒட்டிக்கொண்டதாம்.

முழங்கால் இன்னும் நோகிறது. நானும்தானே குந்தியிருந்தேன். வெட்கம்.

ஞாயிறு, 11 ஜூலை

மழைத்தூறல். வீட்டுக்குப் புதுச் சட்டங்கள்:

முன் யன்னல் சீலை விலக்கக் கூடாது.
வானொலி மெதுவாக.
முன்கதவு பாவிக்கக் கூடாது, பின்பக்கத்தால் போய் வர வேண்டும்.
கார் அடுத்த தெருவில் நிற்கும்.
தொலைபேசி அடித்தால் எடுக்கக் கூடாது. (எங்களிடம் தொலைபேசி இல்லை. விண்ணப்பித்து ஐந்து மாதம். அதைச் சொன்னேன். “எல்லாத்துக்கும் ஒரு பதில்” என்றார்.)

பகல் முழுக்க விளக்கு. கிரவீன் என்ற இந்தப் புறநகருக்கு வந்து இரண்டரை வருடத்தில் இந்த வீட்டில் ஒரே நல்ல விஷயம் முன்னறை வெயில்.

திங்கள், 12 ஜூலை

தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக் கழுத்து. கழுத்து, கழுத்து, கழுத்து. என் மேசைக்காரி இத்தாலியப் பெண். “ஏன் இன்றைக்குச் சிரிக்கவில்லை?” என்று கேட்டாள். கால் நோவு என்றேன்.

காலையில் இவர் வேலைக்குப் போன விதம்: கோட்டு, டை, கைப்பெட்டி, பின்வேலி. வேலிப் பலகையில் கால்சட்டை கொழுவிக்கொண்டது. அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி பூனைக்குப் பால் வைத்துக்கொண்டு நின்றாள். “குட் மோர்னிங், மிஸஸ் பவ்லர்” என்றார், அந்தரத்தில் இருந்தபடியே. அவளும் “குட் மோர்னிங்” சொன்னாள். இந்த நாட்டு மனிதர்கள் எதையும் கேட்க மாட்டார்கள். அது மரியாதை என்று இவர் நினைக்கிறார்.

செவ்வாய், 13 ஜூலை

பின்னேரம் கலர் ரி.வி.யை பிளாக்டவுனுக்கு ஏற்றினோம். ராமச்சந்திரன் வீட்டுக்கு. அவர் ஆஸ்பத்திரியில் எஞ்சினியர், திருச்சிப் பக்கம். நல்ல மனிதர், அதனால் இவர் அவரிடம் எப்போதும் பொய்தான் சொல்வார்.

“வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறம். ரி.வி.யில தெறிச்சிடும்.”

“தாராளமா வச்சுக்குங்க சார்.”

அவர் மனைவி ஜெயா என்னைப் பார்த்தாள். “இந்தக் குளிர்ல பெயிண்ட் எப்படிக்கா காயும்?”

“காயாது” என்றேன்.

 

வியாழன், 15 ஜூலை

முறையாக எழுத வேண்டும்.

நாலு மணிக்கு வேலையால் வந்தேன். பின்பக்கத்தால் போக மனமில்லை, முன்படியால் ஏறினேன். கதவு இடுக்கில் ஒரு கடதாசி. இவர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். எடுத்து வாசித்தேன்.

வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு வருவார்கள். கதவு திறக்கப்படாவிட்டால் பூட்டுக்காரனையும் பொலிசையும் கொண்டு உடைத்து உள்ளே வருவார்கள். பொருட்களை எடுப்பார்கள். பொருள் போதாவிட்டால் பதினான்கு நாள் சிறையில் மறியல்.

யாருக்கு மறியல்? மேலே பெயர்: யோகேஸ்வரி குணநாயகம்.

நான்.

மூன்று தரம் வாசித்தேன். பிறகு இவருடைய பழைய சூட்கேசைத் திறந்தேன். கச்சேரியில் கிடைத்த நற்சான்றுகளுக்குக் கீழே ஒரு கட்டு, நூல் கட்டி. பதினொரு டிக்கெட், கோர்ட் அழைப்பு, தீர்ப்புக் கடிதம். எல்லாம் என் பெயருக்கு. எல்லாம் உடைத்து வாசித்த கடிதங்கள். எல்லா டிக்கெட்டும் ஒரே இடம்: ஸ்டேசனுக்கு முன்னால் அம்புலன்ஸ் நிற்கும் இடம். காரைக் கொஞ்சம் தள்ளி விட்டால் நூறு யார் தூரம் நடக்க வேண்டும். அதற்காக.

கார் வாங்கியபோது எனக்குத்தான் லைசென்ஸ் இருந்தது. இவர் லைசென்ஸ் சோதனையில் மூன்றாம் தரம்தான் பாஸ், அதுவும் பிறகு. அதனால் கார் என் பெயரில். கார் யாருடையதோ டிக்கெட்டும் அவருக்கு.

சோறு ஒன்றும் சமைக்கவில்லை. பாண் இருக்கிறது. தின்னட்டும்.

வெள்ளி, 16 ஜூலை

நேற்று எழுத முடியாமல் விட்டது.

கடதாசிகளைக் குசினி மேசையில் பரப்பி வைத்திருந்தேன். இவர் வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார்.

“நீர் கவலைப்படுவீர் எண்டுதான் சொல்லேல்லை.”

“என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள். நான் வரேல்லை எண்டு என்னைக் குற்றவாளி எண்டு எழுதியிருக்கிறாங்கள்.”

“அது சும்மா பார்க்கிங். களவோ கொலையோ?”

“போன மாதம் கல்வித் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போட்டனான். எந்தக் கோர்ட்டிலயாவது குற்றவாளியாய்க் கண்டிருக்கோ எண்டு ஒரு கேள்வி. இல்லை எண்டு கையெழுத்து வைச்சனான். நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். பேனை தந்தது நீங்கள்.”

இவர் யோசித்தார். உண்மையில் யோசித்தார், நெற்றியைத் தடவி. பிறகு சொன்னது, அப்படியே எழுதுகிறேன்:

“அப்ப அந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தால் சரிதானே. நீர் படிப்பிக்காட்டில் நாங்கள் பட்டினியே?”

பதினான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இரண்டரை வருடமாகக் கழுத்துத் தைக்கிறேன்.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்தால் கத்துவதுகூட வீண் செலவு போல இருந்தது. பாணுக்கு ஜாம் கேட்டார்.

ஞாயிறு, 18 ஜூலை

வெயில். யன்னல் சீலைகளை எல்லாம் விலக்கினேன். இவர் மூடினார். விலக்கினேன். மூடவில்லை.

திங்கள், 19 ஜூலை

லீவு எடுத்துக் கோர்ட் அலுவலகம். எட்டேமுக்காலுக்கே வாசலில். கவுண்டரில் ஒரு இளம் கிளாக்கர், முகம் நிறையப் பரு. என்னைக் கண்டதும் சத்தம் போட்டு, சொல் சொல்லாக நிறுத்திப் பேசத் தொடங்கினான். “உங்களுக்கு — இங்கிலீஷ் — விளங்குமா?”

விளங்கும் என்றேன். அவன் நீட்டிய விண்ணப்பத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருப்பதையும் காட்டினேன். அதற்குப் பிறகு சாதாரணமாகப் பேசினான்.

அவன் சொன்னது: கார் என்னுடையது என்றாலும் நிறுத்தியது வேறு ஆள் என்றால், அந்த ஆளின் பெயரையும் விலாசத்தையும் எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கூற்றாகக் கையெழுத்து வைத்துக் கொண்டுவரலாம். இன்று நாலு மணிக்குள் தந்தால் வாரண்டை நிறுத்துவார்கள். என் பெயரில் உள்ள தீர்ப்பை எடுத்துவிட்டு அந்த ஆளுக்கு அழைப்பு அனுப்புவார்கள்.

“ஆள் யார் என்று தெரியுமா?”

“தெரியும்.”

எதிர்ப்பக்கத் தொலைபேசிக் கூண்டிலிருந்து இவருடைய வேலைக் கந்தோருக்கு எடுத்தேன்.

“நீங்களே வந்து சொல்லுங்கோ. நான் இஞ்ச நிக்கிறன். நீங்கள் சொன்னால் அது ஒரு மாதிரி. நான் எழுதிக் குடுத்தால் அது வேற மாதிரி.”

“இண்டைக்கு ஏலாது. சூப்பர்வைசர் பக்கத்தில நிக்கிறார். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வாற நேரம், இது தெரிஞ்சால் என்ன நினைப்பாங்கள்?” பிறகு குரலைத் தாழ்த்தி, “தெரியாத ஆள் எண்டு எழுதும். கார் களவு போனது எண்டு எழுதும்.”

“பதினொரு தரமோ?”

வைத்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரர்தான் சமாதான நீதவானாம்; இங்கே அது நீதிபதி வேலை இல்லை, சத்தியக் கையெழுத்துக்குச் சாட்சி வைக்கும் அதிகாரம். இருமல் மருந்துப் போத்தல்களை ஒருபக்கம் தள்ளி இடம் பண்ணித் தந்தார். ஓட்டியவர் பெயர்: ஆறுமுகம் குணநாயகம். உறவு: கணவர். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். மருந்துக்கடைக்காரர் வாசித்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

மூன்று மணிக்குள் கொடுத்து முத்திரையிட்ட பிரதி வாங்கிவிட்டேன்.

பின்னேரம் சொன்னேன். “கட்டின புருசனை!” என்றார். அந்த வசனத்தை முடிக்கவில்லை. பிறகு சோறு போட்டுத் தின்றார், இரண்டு தரம்.

செவ்வாய், 20 ஜூலை

இவர் லீவு. வீட்டைப் பாதுகாக்கவாம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வாசலில் வான் நின்றது. பாதுகாவலர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அவர்கள் தட்ட முன்னமே நான் கதவைத் திறந்தேன். மூன்று பேர்: கோர்ட் ஆள், கருவிப்பெட்டியோடு பூட்டுக்காரன், கொட்டாவி விடும் ஒரு பொலிஸ். கோர்ட் ஆள் நான் நினைத்த மாதிரி இல்லை. அறுபது வயதிருக்கும், படியேற முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பத்து நாளாக இந்தக் கிழவருக்குப் பயந்தா செற்றிக்குப் பின்னால்!

பிரதியை நீட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாக வாசித்தார்.

“நல்லது. கதவு உடைப்பது எனக்குப் பிடிக்காத வேலை.”

அப்படியென்றால் இவ்வளவு காலமாக ஏன் செய்கிறீர் என்று வாய் வரை வந்தது. விட்டேன்.

“இந்த மிஸ்டர் கூனாநியாகம் எப்போது வீட்டில் இருப்பார்?”

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் இருமல். இவருடைய இருமலை அடக்க முடியாது, மருந்து வாங்க மறந்துபோனேன். நாலு பேரும் அந்தக் கதவைப் பார்த்தோம்.

“அது சின்னப் பூட்டு” என்றான் பூட்டுக்காரன்.

“அதற்கு இன்றைக்கு என்னிடம் கடதாசி இல்லை” என்றார் கிழவர். தொப்பியைத் தொட்டார். போனார்கள்.

குளியலறைக் கதவு பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு திறந்தது. “போயிட்டாங்களோ?”

திங்கள், 9 ஆகஸ்ட்

காற்று. இரண்டு கடிதம் ஒரே தபாலில். ஒன்று எனக்கு: தீர்ப்பு நீக்கப்பட்டது, வாரண்ட் ரத்து. மற்றது இவருக்கு: கோர்ட் அழைப்பு. இவருடைய கடிதத்தை உடைக்காமல் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கல்வித் திணைக்களம் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

புதன், 25 ஆகஸ்ட்

இவர் கோர்ட்டுக்கு. கலியாண சூட். “நீரும் வாறீரோ?” எனக்கு வேலை என்றேன். இன்றைக்குக் கழுத்து இல்லை, மணிக்கட்டு.

தண்டம் கட்டிவிட்டு மூன்று மணிக்கே வந்துவிட்டாராம். நீதவான் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லையாம். அதில் இவருக்கு ஒரு மனவருத்தம். பேச ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனவர்.

வியாழன், 26 ஆகஸ்ட்

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு! அடுத்த செவ்வாய். நீலச் சேலை ஸ்திரிக்கை போட வேண்டும். சப்பாத்துக்குப் புது அடி போட வேண்டும்.

சனி, 28 ஆகஸ்ட்

ராமச்சந்திரன் வீட்டில் சாப்பாடு. ரி.வி.யையும் ஏற்றியாகிவிட்டது. பெயிண்ட் என்ன கலர் என்று ஜெயா என்னைக் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

ராமச்சந்திரன்தான் கேட்டார். “புதன்கிழமை உங்களைக் கோர்ட் பக்கம் பார்த்ததா எங்க ஆபீஸ் பையன் சொன்னான். ஏதும் பிரச்சினையா சார்?”

இவர் சோற்றைக் குழைத்தபடி, நிதானமாக: “ஒரு வழக்கில சாட்சி சொல்லக் கூப்பிட்டவங்கள். எங்களைப் போல படிச்ச ஆக்கள் சொன்னால் நீதவானுக்கும் ஒரு மதிப்பு.”

“சாட்சியாய் இல்லை” என்றேன். “எதிரியாய்.”

எங்கள் பக்கத்தில் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் சொல்வது. அவர்கள் வீட்டுப் பேச்சில் அது இல்லைப் போல. ஜெயா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“எதிரியா? யாருக்குக்கா எதிரி?”

இவர் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். நான் இன்னும் ஒரு அப்பளம் எடுத்துக்கொண்டேன்.