மரப் பெரணிக்குக் கூலர்

ஃபெலிக்ஸ் அப்பாவுக்கு,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது, சட்னி ஃப்ரிட்ஜில். எனக்குக் காலை ஷிஃப்ட். வெளியே போனால் சாவியைப் பக்கத்து மேஜர் வீட்டில் கொடுங்கள்.

"செடிக்குக் கூலர், பொண்டாட்டிக்கு விசிறியா?" என்று நேற்று நான் கத்தியதில் தப்பில்லை. இந்த மே மாத வெயிலில் யாருக்குத் தூக்கம் வரும்? கூலரைப் படுக்கையறையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் ஹாலில் போய்ப் படுத்தீர்களே, அதுதான் தப்பு.

வராந்தாவில் நிற்கும் குன்னூர் மரப் பெரணியின் தண்டை நன்றாக நனைத்துவிட்டேன், குளிர்மலைச் செடியாயிற்றே. மத்தியானம் நீங்கள் ஒரு தடவை நனையுங்கள். ப்ரொமிலியாட் செடிகளின் இலைக் குழிவுகளில் தேங்கிய பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றியாயிற்று. கொசு வராது.

எலிசபெத்

பி.கு.: நனைக்கும்போது பார்த்தேன். பெரணியின் உச்சியில் புதுக் குருத்து சுருண்டு எட்டிப் பார்க்கிறது. கூலரை வராந்தாவுக்கே தள்ளிவிட்டேன். ராத்திரி நம் பாயையும் அங்கேயே போட்டுக்கொள்வோம்.