ரோஸ் பெட்டியில் சக்கரம் கிடையாது

தாராவி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஆஸியாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் தம்பிமாரும் அல்லாஹ் கிருபையால் சுகம். மேலப்பாளையத்தில் நீயும் மருமகன் தௌசீப்பும் சம்பந்தி வீட்டாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை விட்டபாடில்லை. நம் பட்டறை கார்கானாவுக்குள் கணுக்கால் தண்ணீர், பொம்மைப் பெட்டிகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டோம்.

போனை விட்டுவிட்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. தம்பிமார் இருவரையும் இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டேன். பொம்பளப் பிள்ளைதானே என்று உன்னை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் போட்டேன். இப்போது நான் தமிழில் எழுதினால் வாசிக்க இந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. அங்கே நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டாய். பாலிடெக்னிக்கில் மோல்டு டிசைன் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் சேரணும், உங்க வாப்பா சரின்னா சரின்னு மாமனார் சொல்றாங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க வாப்பா என்றாய். கட்டிக் கொடுத்தாச்சு, இனி படிப்பு என்னத்துக்கு, குடும்பத்தைப் பாரு என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள், நம்மிடம் பெட்டி கட்டும் பேராச்சி தன் ஆறு வயது மகளைக் கூட்டி வந்திருந்தாள். அந்தக் குட்டி ஒரு ரோஸ் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கட்டைகளால் வீடு கட்டிவிட்டு, இதுக்குச் சக்கரம் எங்கே என்று என்னிடம் கேட்டது. பொம்பளப் பிள்ளைக்குச் சக்கரம் எதுக்கு என்றேன். வீட்டைத் தள்ளிக்கிட்டு ஜூஹு போவணும்லா என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

ரோஸ் பெட்டி என் யோசனைதானே. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் அதே மோல்டு, அதே கட்டைகள். ரோஸ் கலரில் அடித்து, சக்கரத்தையும் கிரேன் கொக்கியையும் எடுத்துவிட்டு, பூவும் கண்ணாடியும் டீக்கோப்பையும் போட்டால் பெண்பிள்ளைகளுக்கான செட். க்யா திமாக் ஹை பாட்சா பாய் என்று வியாபாரிகள் என் மூளையை மெச்சி முதுகில் தட்டினார்கள். நானும் பூரித்துப் போனேன்.

உனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டு வந்து பெட்டி கட்டும்போது, ஒவ்வொரு ரோஸ் பெட்டியிலும் எனக்குத் தெரியாமல் நாலு சக்கரம் போட்டு மூடியிருக்கிறாய். பையன்கள் பெட்டிக்குச் சக்கரம் பற்றாமல் போனதும் கண்டுபிடித்தேன். போட்ட கையாலேயே எடு என்று அறுபது பெட்டியையும் உன்னையே பிரிக்க வைத்தேன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை பிரித்தாய். நீ அழவே இல்லை. அழுதிருந்தால் நான் அன்றைக்கே அதை மறந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டைகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் கழன்று விழுந்த வருஷம், மோல்டில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னது நீ. விக்ரோலியிலிருந்து வந்த மோல்டுக்கார ஜெயராமிடம், என் மகன் அர்பாஸ் கண்டுபிடித்தான் என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். நீ டீத்தட்டோடு நின்றிருந்தாய். இவனை மோல்டு டிசைன் படிப்பில் போடுங்க பாய் என்று ஜெயராம் சொன்னதைக் கேட்டு அர்பாஸைச் சேர்த்தேன். ஆறே மாதத்தில் ஓடி வந்துவிட்டான். உனக்கு உரியதை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன் மகளே. பாவி நான்.

நேற்று சம்பந்தி கலீலுல்லா பாயிடம் பேசினேன். என் மகள் படிக்கட்டும் என்றேன். என்ன பாய், செவ்வாய்க்கிழமை ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா என்றார். நான் தப்புப் பண்ணிட்டேன் பாய் என்றேன். சரி, சேரட்டும் என்றார். தௌசீப்புக்குப் பூரண சம்மதமாம். இனி யாரிடமும் நீ அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நீ சேருகிற அன்று உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தம்பி சாஹிலை டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு நானே நிறுத்திவிட்டேன். இதுவரை உன் காரியம் எதையும் உன்னைக் கேட்டு நான் செய்ததில்லை. இதைக் கேட்கிறேன்.

நான் வரட்டுமாம்மா? வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்வானாக. நீ சொல்லும்வரை டிக்கெட் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
கரீம் பாட்சா