சுவரைப் பார்த்து நின்றவள்

அக்கா,

நேற்று மிச்ச மருந்துகளைத் திரும்பச் சேகரிக்கும் நகராட்சிப் பையோடு என் வீட்டுக் கதவையும் தட்டினாய். "மிச்சமான வலி மாத்திரை இருந்தா போடுங்க சார்."

தம்பியைப் போய் சார் என்கிறாயே என்று சிரிப்பு வந்தது. "எங்கிட்ட என்னக்கா இருக்கு?"

"என்ன இருக்குன்னு நான் கேக்கலையே" என்று பையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தாய். யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்கக் கூடாதாம், உங்கள் செவிலியர்களின் விதி. அக்கா என்ற உரிமையில் என் அலமாரியைக் குடைந்திருக்கலாம். நீ அசையவே இல்லை. உன்னைப்போல் நிற்க எனக்கு வராது.

முதுகுவலி போய் ஆறு மாதமாகிறது. மாத்திரையைத்தான் விட முடியவில்லை.

ஒரு மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டேன். சத்தத்திலேயே ஒன்றுதான் என்று தெரிந்திருக்கும். "நன்றி சார், செவ்வாய்க்கிழமை மறுபடி வருவோம்" என்றாய்.

என்னிடம் இன்னும் நான்கு அட்டைகள் இருக்கின்றன. செவ்வாய் வரை அவை மிஞ்சாது. இன்றே வா. சுவரைப் பார்க்காதே, என்னைப் பார்.

உன் தம்பி